பேச்சு நிற்காத வேகம்

முதல் நாள் ஓட்டத்தில் என் வயிற்றிலிருந்து வெளியே வந்த நான்கு இட்லிகளும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. நீடாமங்கலம் அருகே, வெண்ணாற்றங்கரை மதகோரம். மனைவி இருந்தவரை என்னை வெறும் வயிற்றோடு வாசற்படி தாண்ட விட்டதில்லை; அவள் இறந்து இரண்டு வருடமாகியும் அந்தச் சட்டத்தை நான் மீறவில்லை. சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால், ஐம்பத்திரண்டு வயதில், நடவுக்குப் போகிறவன் மாதிரி வயிறு முட்டத் தின்றுவிட்டு, புது ஷூவோடு, எடுத்த எடுப்பிலேயே துரத்தப்பட்ட திருடனாக ஓடினேன்.

குமட்டலும் கிறுகிறுப்பும் வந்ததும் மாரடைப்பு என்றே முடிவு கட்டினேன். கைபேசியை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது? மகன் சார்ஜாவில். அதற்கடுத்த பெயர் கேஸ் சிலிண்டர்காரர். இந்தக் கரையில் இப்படியே கிடந்தால் முதலில் துக்கம் விசாரிக்க வருவது நாயாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது எனக்காக நானே அழுதுவிட்டேன். வேறு யார் அழுவது?

அப்போதுதான் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சார், முடியலையா?"

"நெஞ்சு... மகனுக்குச் சொல்லிடுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "நெஞ்சு இல்லீங்க சார், இட்லி. தின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம்."

"தவிட்டுத் தண்ணி காட்டின உடனே மாட்டைக்கூட வண்டியில பூட்ட மாட்டாங்களே சார்! எந்திரிங்க, மெல்ல நடங்க."

மறுநாளிலிருந்து, நீர்மட்டம் பார்க்கப் போகிற வழியில், என் பக்கத்திலேயே சைக்கிளை மெல்ல மிதித்து வந்தார். எழுந்ததும் அரை வாழைப்பழம், அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், இரண்டு மிடறு தண்ணீர், பாலம் வரை நடை, அப்புறம்தான் ஓட்டம். "வாய்க்கால்ல மொத நாளே ஷட்டரை முழுசாத் தூக்கினா கரை ஒடைஞ்சிரும். சாண் சாணாத் தூக்கணும். ஓடறப்பப் பேச முடியணும் சார். பேச்சு நின்னா ஓட்டத்தை நிறுத்திடுங்க."

இட்லி இல்லாமல் வீட்டைப் பூட்டியபோது மனைவிக்குத் துரோகம் செய்வதுபோலிருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். "அரைப் பழம் உள்ள இருக்கே, அது எப்படி வெறும் வயிறாகும்?" என்று வழக்கைத் தீர்த்துவைத்தார். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதவற்றையெல்லாம் மூச்சிரைக்க அவரிடம் பேசினேன். என் அறுவை ஜோக்குகளுக்கும் சைக்கிளில் ஆடி ஆடிச் சிரித்தார்.

அடுத்த முறை ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குள் அவரை வலங்கைமான் பக்கம் மாற்றிவிட்டார்கள். சில நாள் போன் செய்தார். "வாந்தி இல்லியே சார்?" இல்லை என்பேன். அதற்குமேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? போனும் நின்றது.

இப்போது நான் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். குமட்டல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பேச முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. புது லஸ்கர் காதில் இயர்போனோடு பைக்கில் வருகிறவர். போன வாரம் அவர் வருவதைப் பார்த்ததும் முழங்காலில் கையூன்றிக் குனிந்து, சத்தமாக ஓங்கரித்தேன். பைக்கின் வேகம் குறைந்தது. எனக்காக அல்ல, சாலையில் ஒரு குழி. தாண்டிப் போய்விட்டார்.

புழுதி அடங்கும்வரை அப்படியே குனிந்து நின்றேன். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்று, கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஓடினேன்.