செவ்வாப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை: கிளிப் பெடலில் என் முதல் 55 கிலோமீட்டர்

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கிளிப் பெடல் மாட்டிய சைக்கிளில் முதல் தடவையாகத் தூரப் பயணம் போனேன். செவ்வாப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு. எங்கள் ஞாயிறு சைக்கிள் குழுவின் பக்கத்தில் எல்லோரும் எழுதுவார்கள், நான் படிப்பதோடு சரி. படிக்கவே போன வருடம்தான் கற்றுக்கொண்டேன், அறுபத்தேழு வயதில். இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன், அவ்வளவு சந்தோஷம். எழுத வந்த விஷயம் மட்டும் சந்தோஷமானது இல்லை.

கிளிப் பெடல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். மிதித்தால் டக்கென்று பெடலில் மாட்டிக்கொள்ளும். கழற்ற, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இழுத்தாலும் உதறினாலும் வராது. என் இடது காலில் மூன்று விரல் கிடையாது, பாதத்தில் உணர்ச்சியும் கிடையாது. சாதா பெடலில் கால் நழுவுவதே எனக்குத் தெரியாது. அதனால்தான் சைக்கிள் கடைக்காரர் இதைச் சொன்னார். பெடலும் ஷூவும் செகண்ட் ஹேண்டில் சேர்த்து 4,200 ரூபாய்.

அந்தக் கால் போன கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே முதல் நாளே ஷூவின் லேஸை உருவி மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும். சிவந்த இரும்புத் துண்டு ஷூவுக்குள் விழுந்தால் ஒரே உதறலில் ஷூ பறக்க வேண்டும், அதற்காக. ஒருமுறை எனக்குப் புது ஷூ கொடுத்தார்கள். இரண்டு அளவு பெரியது. நடந்தால் கழன்றது. யாருக்கும் தெரியாமல் லேஸ் போட்டு இரட்டை முடிச்சாகக் கட்டினேன். அன்று மத்தியானமே துண்டு விழுந்தது. உதறினேன், உதறினேன், வரவில்லை. பக்கத்தில் நின்ற முனிரத்தினம் குறடு தேடாமல் வெறும் கையால் முடிச்சை அவிழ்த்து ஷூவைப் பிடுங்கினான். அவன் பத்து விரலும் சுருங்கி மடங்கிவிட்டன.

விசாரணையில் லேஸ் இல்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்தேன். லேஸ்தான் எரிந்துபோயிருந்ததே. லேஸ் இல்லாத ஷூவைக் குறடாலேயே இழுத்திருக்கலாம், கையை விட்டது முனிரத்தினத்தின் தப்பு என்று முடித்து, அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இருபத்தேழு வருடம் ஆகிறது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம், பேசுவோம். அதை மட்டும் பேசியதில்லை.

போன மாதத் தொடக்கத்தில் அவன் மனைவி தேசம்மா போன் செய்தாள். நுரையீரல் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அவன் போவதற்குள் லேஸ் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேலை. ரயிலில் சென்ட்ரல் போய் மாறினால் கும்மிடிப்பூண்டி சுலபம். மூன்று முறை அப்படிக் கிளம்பி, மூன்று முறையும் சென்ட்ரலிலிருந்தே திரும்பிவிட்டேன். ரயில் மாறும் இடத்தில் மனசும் மாறிவிடுகிறது. சைக்கிளில் போனால் மிதித்துத்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

காலை 5.15க்குக் கிளம்பினேன். திருநின்றவூர் 5.40. அங்கிருந்து பெரியபாளையம் ரோடு. மைல்கல் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். இத்தனை வருடம் அந்தக் கல்லெல்லாம் எனக்கு வெறும் மஞ்சளும் வெள்ளையும்தான்.

6.35க்குத் தாமரைப்பாக்கம் கூட்டு ரோட்டில் ஒரு மணல் லாரி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். கால் மில்லில் பழகிய வேலையைச் செய்தது, நேராக உதறியது. சைக்கிளோடு சாய்ந்தேன். லாரிச் சக்கரம் என் தலையிலிருந்து இரண்டு முழத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பெடலைப் பார்த்தார்.

“இன்னா பெருசு, காலக் கட்டிக்கினு சாவப் போறியா?”

அவரே என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போனார். முழங்கையில் ரத்தம். அது நிற்க இருபது நிமிடம் ஆனது. திரும்பிவிடலாமா என்று இங்கேயும் தோன்றியது, மறைக்கவில்லை.

பெரியபாளையம் 7.40. நான்கு இட்லி, ஒரு டீ, 55 ரூபாய். பாதி இட்லி இலையிலேயே கிடந்தது. புதுவாயலில் ஹைவே ஏறும்போது 9.20. அங்கிருந்து 12 கிலோமீட்டரும் கண்டெய்னர் லாரிதான். ஒவ்வொன்றும் தாண்டும்போது சைக்கிளை ஒரு பக்கம் இழுக்கும். கவரைப்பேட்டை தாண்டினால் காற்றில் இரும்பு வாசனை வரும்.

முனிரத்தினம் வீட்டுத் தெருவில் நுழையும்போது 10.25. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அவனைப் பார்த்ததும் பெடல் மறந்துவிட்டது. பிரேக் பிடித்து, உதறி, அவன் காலடியிலேயே விழுந்தேன்.

தேசம்மா உள்ளேயிருந்து ஓடிவருவதற்குள் அவன் நாற்காலியை விட்டு இறங்கி மண்டிபோட்டுவிட்டான். விரல் மடங்கிய இரண்டு கையாலும் என் இடது ஷூவைப் பிடித்து இழுத்தான். வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். மணிக்கட்டால் அணைத்துத் திருப்பினான். டக்கென்று விட்டது. அவனுக்கு மூச்சு வர வெகுநேரம் ஆனது.

“அப்பவும் கட்டிக்கினு இருந்த. இப்பவும் கட்டிக்கினு வந்துகீற.”

“லேஸ் இல்லன்னு சொல்லிட்டேன்டா, முனி” என்றேன்.

“அவுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா?”

“அப்பவே ஏன்டா சொல்லல?”

“நீ சொல்லுவன்னு இருந்தேன்.” அவ்வளவுதான் சொன்னான். பரவாயில்லை என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. “நாஷ்டா துன்னியா, ஏகா?” என்று என் பேர் சொல்லிக் கேட்டான். சாயங்காலம் வரை கூட உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வந்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: முதல் பத்து நாள் சுவரைப் பிடித்து நின்று குதிகாலைத் திருப்பிப் பழகுங்கள், ஒரு நாளைக்கு நூறு தடவை. பெடலில் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு ஒன்று உண்டு, அதை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். நிறுத்துவதற்கு முன்னால் கழற்றுங்கள், நிறுத்திய பிறகு இல்லை. புதுவாயலை எட்டு மணிக்குள் தாண்டிவிடுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டியது இருந்தால் ரயிலிலேயே போங்கள், சீக்கிரம் போய்ச் சேரலாம்.

பன்னிரண்டாம் நாள் முனிரத்தினம் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள் சைக்கிளை எடுத்து வரப் போனேன். கிளம்புவதற்கு முன் அந்தத் தெருவிலேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே குதிகாலைத் திருப்பினேன். டக்கென்று விட்டது. காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.

நாற்காலி இருந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“கத்துக்கினியாண்ணா?” என்று கேட்டாள்.