கெர்லிண்டேயின் சாக்பீஸ்

கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டும்போதே கெர்லிண்டே சன்னல் வழியாகப் படித்துறையைப் பார்த்துவிடுவாள். டான்யூப் ஆறு ஒரு படி ஏறியிருந்தால் கத்தரிக்கோலின் வேகம் கூடும். "தலைய ஆட்டாத. தண்ணி வர்றதுக்குள்ள உன்ன மனுஷியாக்கி அனுப்பணும்."

பாஸாவில் எங்கள் வீட்டின் தரைத்தளம்தான் அவளுடைய சலூன். நாற்காலிகள், அலமாரி எல்லாவற்றுக்கும் சக்கரம். கண்ணாடிகளைச் சென்ற வெள்ளம் சுவரில் விட்டுப்போன பழுப்புக் கோட்டுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். உட்கார்ந்தால் நம் நெற்றி மட்டும் தெரியும். கேட்டால், "ஏன், மூஞ்சியப் பாக்க வீட்ல கண்ணாடி இல்லையா?" என்பாள்.

ஊரில் கூடும் மூன்று ஆறுகளையும் சொந்தக்காரர்களைப் போலத் திட்டுவாள். "இல்ஸ் சாது. டான்யூப் சொன்னா கேப்பா. இந்த இன் இருக்கானே, மலையிலேர்ந்து குடிச்சிட்டு வர்ற பய." எல்லை தாண்டி லின்ஸ் வரை போனதுதான் அவளுடைய நெடும்பயணம். நான் ஆறு வருடம் சுற்றி, மீகாங்கும் அமேசானும் பார்த்துவிட்டு வந்தவள். உரிமையோடு வைய எனக்கு ஒரு ஆறு இல்லை.

அதைவிட எரிச்சல், அம்மா. நிலவறைச் சாவி கெர்லிண்டேயின் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. என் அறையில் அவளுடைய ஷாம்பு பெட்டிகள். கட்டிலுக்குப் போக அவற்றைத் தாண்ட வேண்டும். "நகத்தாத வ்ரோனி. நீ போனப்புறம் அவதான திரும்ப அடுக்கணும்" என்கிறாள் அம்மா.

சென்ற வாரம் இன் ஆறு ஏறியது. நான்தான் முதலில் ஓடி நிலவறைக் கதவருகே நின்றேன். மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்: "கெர்லிண்டே!"

"நான் இங்கதான் நிக்கிறேம்மா."

"நில்லு. அவ வரட்டும்."

அவள் வந்தாள். பின்னாலேயே தலையில் பாதிச் சாயத்தோடு ஒரு வாடிக்கைக்காரி. கதவு திறந்ததும் நான் பேரிக்காய் ஜாடிகளைத் தூக்கினேன். "அது மூடி போட்டுத்தான இருக்கு, குளிக்கட்டும். உங்கம்மாவோட தையல் மிஷினத் தூக்குடி" என்றாள் கெர்லிண்டே.

எல்லாம் மேலே போனதும் அவள் ஏப்ரனிலிருந்து சாக்பீஸை எடுத்து வாசல் சுவரில், தண்ணீர் தொட்ட இடத்தில், ஒரு கோடு போட்டாள். அவள் மறுபடி வந்து பார்த்து அடுத்த கோடு போடுவாள் என்றுதான் தெருவே நிம்மதியாகக் காபி குடிக்கும். அம்மாவும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அடுத்த கோட்ட நான் போடுறேன்" என்றேன்.

"எத்தன நாளு இருப்ப?"

"தண்ணி வடியிற வரைக்கும்."

"வடிஞ்சப்புறம்தான் வேலையே. சேறு யாரு அள்ளுவா, உன் அமேசானா?"

"நான் அள்ளுறேன்."

என் காலணிகளைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை இரண்டாக உடைத்து, பெரிய துண்டைத் தன் ஏப்ரனில் போட்டுக்கொண்டு, சின்னதை என்னிடம் நீட்டினாள்.