பாயை வளைத்துப் போட்டேன்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி நான் கட்டிய பெரிய அறையில் தெற்கத்திப் பிள்ளைகள் குடியிருந்தார்கள். எல்லாரும் கம்பெனி ஆட்கள். வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒரே வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள்.

அதில் ஒருவன் சரியான தூங்குமூஞ்சி. இன்னொரு தடவை காலை ஷிப்டு பஸ்ஸை விட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"வாசப்படிகிட்ட படுடா தம்பி, ஹாரன் காதுல வுழும்" என்றேன். படுத்தான். மறுநாள் ஹாரன் அலறியது. நான் வாசல் தெளிக்கிற தண்ணீரை முகத்தில் அடித்திராவிட்டால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

பக்கத்துப் பாய்க்காரர்கள் இரண்டாம் ஷிப்டு முடிந்து நடுராத்திரியில் வந்து பிணம்போலக் கிடப்பார்கள். அவனோடு ஒரே பஸ்ஸில் போகிறவன் வரிசையின் கடைசியில்; பின்கதவு வழியாகவே பஸ்ஸுக்கு ஓடிவிடுவான். கூட்டாளியை விட்டு இடம் மாற யாரும் சம்மதிக்கவில்லை.

என் மகள் அப்போது காலேஜில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"என் பாடமாட்டமே கீதும்மா! நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு நீள நூல் இருக்கு. அதுல வரிசையா ஜீனுங்க. கண்ணுலயும் அதே நூலு, தோலுலயும் அதே நூலு."

"அப்போ தோலுல ஏன்டி கண்ணு முளைக்கல?"

"மடிப்புதான்மா. இறுக்கமா மடிஞ்சு கெடக்குற ஜீனை செல்லு படிக்காது. தளர்வா இருக்கறதைத்தான் நகல் எடுக்கும். அதுவும் சில ஜீனுக்குப் போதாது. அதை எழுப்புற துண்டு, அதே நூல்ல எங்கியோ தூரத்துல இருக்கும். நூல் வளைஞ்சு, அது வந்து தொட்டாத்தான் ஜீனு எழுந்துக்கும்."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. அன்று மாலையே அறைக்குப் போய், மகள் சொன்னதைப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

"எவனும் எடம் மாற வேணாம். வரிசையை மட்டும் லாடமாட்டம் வளைங்க."

வளைத்தார்கள். முதல் பாயும் கடைசிப் பாயும் வாசலருகே பக்கத்துப் பக்கத்தில் வந்தன.

விடிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தொப்பென்று சத்தம்.

"ஏல, எந்திரில! பஸ் வந்துட்டு!"

"ஏம்ல மிதிக்க?"

"தொட்டாத்தான் நீ எந்திரிப்பன்னு ஆச்சி மவ சொல்லிச்சுல்லா!"

இரண்டு பேரும் என் கோலத்தைத் தாண்டி ஓடினார்கள்.

"செல்லுல யாரும் ஒதைக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள்.

"உன் ஜீனு இவனாட்டம் தூங்கியிருக்காதுடி."

வேலை தப்பியது. பிறகு நிரந்தரமும் ஆனது. அன்று தூங்குமூஞ்சி லட்டு கொண்டுவந்து முதலில் என் கையில்தான் கொடுத்தான். கடைசிப் பாய்க்காரன் வலது காலை நீட்டினான்.

"அப்ப இதுக்கு?"