மூன்றாம் வளைவில் நின்ற ஆள்

இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சிரிக்கத்தான் வேண்டுமென்றால் ஊரில் வேறு கதை ஆயிரம் இருக்கிறது, அங்கே போங்கள். இது 1976-ல் தூத்துக்குடியில் நடந்தது. ஜூலை 31 சனிக்கிழமை ஆரம்பித்தது, ஆகஸ்ட் 6 வெள்ளிக்கிழமை முடிந்தது. ரோச் என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் ஒரு நிமிஷக் கணக்குக்கூட மாறவில்லை. ராத்திரியில் நடந்ததாகச் சொல்லியிருந்தால் நானே அவனைத் துரத்தியிருப்பேன். எல்லாம் பட்டப்பகல், மூன்று மணி வெயில்.

ரோச் சங்கு குளிக்கிறவன். பதினாறு வருஷம் கடலுக்கடியில் மூச்சடக்கிப் பிழைத்தவன். அந்த வருஷம் சித்திரையில் இடது காதுச் சவ்வு கிழிந்து ரத்தம் கொட்டியது. இனித் தண்ணீருக்குள் தலையை விட்டால் மறு காதும் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் பெண்டாட்டி ஆக்னஸ், மூன்று பிள்ளைகள். மிச்சமிருந்தது, எப்போதோ ஆசைக்கு எடுத்து வைத்த லாரி லைசென்ஸ் ஒன்றுதான்.

துறைமுகத்தில் ஹென்றி என்று ஒரு லாரி முதலாளி. அவருடைய டிரைவர் ஒருத்தன் பம்பாய்க்குப் போய்விட்டான், ஒரு லாரி சும்மா நிற்கிறது என்று கேள்விப்பட்டு, ரோச் அவர் கேட்டில் பதினோரு நாள் நின்றான். பன்னிரண்டாம் நாள்தான் அவர் வாயைத் திறந்தார்.

"செவிட்டுப் பயலுக்கு எவம்லே லாரி குடுப்பான்? பின்னால வாரவன் ஹாரன் அடிச்சா ஒனக்குக் கேக்குமா?"

"ஒரு காது நல்லாக் கேக்கும் முதலாளி."

"அப்ப ஒத்தச் சக்கரம் தாரேன், ஓட்டுதியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் அவர் தம்பி வில்பிரட். சிரிப்பு அடங்கியதும் ஹென்றி அடுத்ததைப் போட்டார்.

"கோயில் திருவிழாக் கடையில கார் மிசின் வந்திருக்கில்லா? அதுல எந்தம்பி அம்பத்தினாலு செகண்டு. கொடி எறக்குததுக்குள்ள அதுக்குக் கீழ வந்து காட்டு. சாவிய அங்கனயே தாரேன். முடியலன்னா இந்த கேட்டுப் பக்கம் ஒன் மூஞ்சியப் பாக்கப்பிடாது."

வேலை கேட்டு வந்தவனிடம் பேசுகிற பேச்சா அது! ஆனால் ரோச் ரோஷப்பட முடியாத நிலையில் இருந்தான். அன்று ராத்திரி ஆக்னஸிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்துபோயிற்று. "வெளையாடவா போறிய? இந்த மாசமும் எங்கண்ணன் வாசல்ல போய் அரிசிக்கு நிக்கச் சொல்லுதியளா?" என்றாள்.

அந்தக் கார் மிஷின் ஏதோ கப்பலில் வந்தது. கிருபாநிதி என்கிற கடைக்காரர் அதை வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார். ஆள் உயரப் பெட்டி. முன்னால் ஸ்டீரிங், கீழே ஆக்ஸிலேட்டர், பிரேக். பெட்டிக்குள் படம் வரைந்த ஒரு வட்டத் தட்டு விளக்கு வெளிச்சத்தில் சுழலும். திரையில் ரோடு நம்மை நோக்கி ஓடி வரும். நடுவில் நம்முடைய கார், கறுப்பாக, கையகலத்துக்கு. எங்கேயாவது மோதினால் மணி அடிக்கும். மூன்று வளைவு தாண்டினால் ஒரு ரவுண்டு. எத்தனை செகண்டு என்று பக்கத்தில் நம்பர் விழும்.

சாயங்காலம் கூட்டம் நெரியும். அதனால் ரோச் மூன்று மணிக்குப் போனான். கடைக்கு ஆறு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினால், கிருபாநிதி தூங்கி எழும்பும்வரை சும்மா ஓட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு.

முதல் நாள் எழுபது செகண்டுக்கு மேல் ஆனது. எல்லோரும் செய்கிற தப்பைத்தான் அவனும் செய்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்தான். கார் வழுக்கிக்கொண்டு வேலியில் போய் விழுந்தது. ஆனால் ரோச் மண்டைக்காரன். பத்துப் பன்னிரண்டு ரவுண்டில் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டான். பிரேக் வேலையை நேர் ரோட்டிலேயே முடித்துவிட வேண்டும். வெளி ஓரமாக வந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். வளைவின் நடுவில் உள் ஓரத்தை உரசிக்கொண்டு போனால், வெளியே வரும்போது ரோட்டின் அகலம் முழுவதும் கைக்குக் கிடைக்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை அமுக்கலாம்.

மிச்சமிருந்தது ஒரே கேள்வி. பிரேக்கில் எங்கே கால் வைப்பது? சீக்கிரம் வைத்தால் நேரம் போகும், தாமதித்தால் வேலிதான். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். முதல் வளைவுக்கு ஒரு மஞ்சள் வீடு இருந்தது. இரண்டாவதுக்கு ஒடிந்த வேலி. மூன்றாவதுக்கு ஒன்றுமே இல்லை. இடது பக்கம் கடல், வலது பக்கம் வெறும் மணல், ரோடு வலப்பக்கம் மடங்கும். எல்லோரும் அங்கேதான் தோற்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை 3.09-க்கு அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்பதை ரோச் பார்த்தான்.

ரோட்டோரத்தில், வெள்ளையாக, விரல் நகம் அளவுக்கு நின்றான். படம் போட்டவன் வரைந்திருப்பான் என்று ரோச் நினைத்தான். அடையாளம் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. ஆளின் பக்கத்தில் வந்ததும் பிரேக்கை மிதித்தான். அறுபது செகண்டு.

ஞாயிறு அதே நேரம். ஆள் நின்றான். ஆனால் கொஞ்சம் தள்ளி, வளைவுக்குக் கிட்டத்தில் நின்றான். நேற்றுச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ரோச் நினைத்தான். ஆளின் காலடியில் பிரேக். ஐம்பத்தெட்டு.

திங்கள், இன்னும் தள்ளி நின்றான். தலையில் சிவப்புத் துண்டு. கையில் ஏதோ தொங்கியது. ஐம்பத்தாறு.

ரோச் காரை விட்டு இறங்கி... சீ, மிஷினை விட்டு இறங்கி, கிருபாநிதியை எழுப்பினான்.

"அண்ணாச்சி, மூணாவது வளைவுல ஒரு ஆள் நிக்கானே..."

"ஆளா? அதுல மாடு கூடக் கெடையாதுலே. வெயில்ல மண்டை கொழம்பிட்டா?"

எரிச்சலோடு எழுந்துவந்து பெட்டியின் பின்கதவைத் திறந்து தட்டையே காட்டினார். மஞ்சள் வீடு இருந்தது. ஒடிந்த வேலி இருந்தது. மூன்றாவது வளைவில் கடலும் மணலும்தான் இருந்தன.

வேறொருவனாக இருந்தால் அன்றோடு ஓடியிருப்பான். ரோச் ஓடவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டுமே! தவிர, அவனுக்குக் குளியாளி புத்தி. தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்கு, மேலே வள்ளத்தில் கயிறு பிடித்து நிற்கிற ஆள்தான் எல்லாமே. அவன் உயிரைக் காப்பான் என்று பெண்டாட்டியின் உடன்பிறந்தவனையே அங்கே நிறுத்துவார்கள். பதினாறு வருஷம் அப்படி இருந்துவிட்டு, நிற்கிற ஆளைச் சந்தேகப்பட ரோச்சுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் 3.10. ஆள் வளைவின் முனைக்கே போயிருந்தான். சிவப்புத் துண்டை முகத்தில் வைத்திருந்தான். ரோச் அந்த ஆளின் காலடியில் பிரேக் போட்டான். ஆள் துள்ளிப் பின்னால் விழுந்தான். ரோச் அதைப் பார்த்தான்... நன்றாகப் பார்த்தான்.

ஐம்பத்தைந்து.

புதன்கிழமைதான் கடைசி. மறுநாள் பெருவிழா, உள்ளே ஈ நுழைய இடம் இருக்காது. கிருபாநிதி அன்று தூங்கவில்லை. சிலேட்டும் சாக்பீஸுமாகப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஹென்றி ஒத்துக்கொள்வார்.

"ஒரே ரவுண்டு. மணி அடிச்சா எந்திரிச்சுப் போயிரணும். தெரியுதா?"

மணி 3.11.

கிர்ர்ர்... தட்டு சுழன்றது. மஞ்சள் வீடு. பிரேக். திருப்பு. அமுக்கு.

ஒடிந்த வேலி. பிரேக். திருப்பு. அமுக்கு. இவ்வளவு சுத்தமாக அவன் எப்போதும் ஓட்டியதில்லை.

நேர் ரோடு. கடல் வந்தது. மணல் வந்தது.

ஓரத்தில் ஆள் இல்லை.

ரோச் மூச்சை அடக்கினான். பிரேக் எங்கே? எங்கே வைப்பது?

அப்போது...

ஆள் நடுரோட்டில் நின்றான்.

முழு உருவமாக நின்றான். வேட்டி. சிவப்புத் துண்டு. கையில் தூக்குச்சட்டி. முகத்தில் வியர்வை.

வலது கையை உயரத் தூக்கினான்.

வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் கையைத் தூக்கினால், குளியாளி யோசிக்க மாட்டான். கயிறு தயார், இறங்கு. அவ்வளவுதான். ரோச்சின் மூளை வேண்டாம் என்றது. கால் கேட்கவில்லை. பதினாறு வருஷப் பழக்கம்.

அமுக்கினான்.

மணி அடிக்கவில்லை.

ஸ்டீரிங் மட்டும் ஒரு தடவை... மெதுவாக... உதறியது.

பெட்டிக்குள்ளே தகரம் உருளுகிற சத்தம். டங்... டங்... டங்... பிறகு நின்றுவிட்டது.

நம்பர் விழுந்தது. ஐம்பத்து மூன்று.

"அடிச்சுப்புட்டியேலே!" என்று கிருபாநிதி கத்தினார். சிலேட்டில் நம்பரும் நேரமும் எழுதினார். 3.12. ரோச் எழுந்தான், கொட்டகைக்கு வெளியே போய் வாந்தி எடுத்தான். சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். "யாரையாவது பாத்தீயளா அண்ணாச்சி?" என்று கேட்டான். "ரோட்டத்தான் பாத்தேன்" என்றார் அவர்.

ஹென்றி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சாவியைத் தரையில் எறிந்தார், அதுதான் அவர் மரியாதை. ஆக்னஸ் அதைக் கையில் வாங்கி அழுதாள். அவள் அழுததைப் பார்த்து, ரோச் பார்த்ததையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முதல் லோடு. பெரியதாழைக்கு உப்பு மூட்டை. தப்புக் கண்டுபிடிக்க வில்பிரட் பக்கத்தில் ஏறிக்கொண்டான். திருச்செந்தூர் வந்தது. ஆலந்தலை வந்தது. அதற்கு மேல் ரோச் ஒரு நாளும் ரோட்டு வழியாகப் போனதில்லை.

ஆலந்தலை தாண்டி ஒரு வளைவு. இரண்டாவது வளைவு. பிறகு நேர் ரோடு. இடது பக்கம் கடல். வலது பக்கம் மணல்.

ரோச்சின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"முன்ன இங்கன வந்திருக்கியா?" என்றான் வில்பிரட்.

"இல்ல."

வளைவில் பத்துப் பேர் ரோட்டை மறித்துக் கூடி நின்றார்கள். லாரி அதற்கு மேல் போக முடியவில்லை. ரோச் இறங்கினான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துக்கனி என்கிறவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

அந்த வளைவில் அடிபட்டுச் செத்தவருக்கு மூன்றாம் நாள் காரியம் அது. செத்தது சிவனாண்டி என்கிற உள்ளூர்க்காரர். திருச்செந்தூரில் கருப்பட்டி மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கிக்குக் காவல். தினமும் மூன்றேகால் பஸ்ஸுக்கு இந்த வளைவில் வந்து நிற்பார். புதன்கிழமை 3.10-க்கு முத்துக்கனி அவரோடு பேசிவிட்டு வடக்கே போயிருக்கிறார். 3.15-க்குத் தெற்கேயிருந்து பஸ் வந்தபோது நடுரோட்டில் நசுங்கிக் கிடந்திருக்கிறார். முத்துக்கனிக்கு எதிரே எந்த வண்டியும் வரவில்லை, பஸ்ஸுக்கு எதிரேயும் வரவில்லை.

"காத்துல ரோட்டு மேல மணல் மூடியிருந்துச்சு. அதுல டயர்த் தடம் கெடந்துச்சு" என்றார் முத்துக்கனி. "வெளி ஓரமா வந்திருக்கான். உள் ஓரத்த ஒரசிக்கிட்டு வளைச்சிருக்கான். திரும்ப வெளி ஓரத்துக்குப் போயிருக்கான். பிரேக்கே போடல. இம்புட்டுச் சுத்தமா வளைக்கத் தெரிஞ்சவன் இந்த ரோட்டுல எவனும் கெடையாதுன்னு போலீஸே சொல்லுது."

ரோச்சின் நல்ல காதும் அடைத்துக்கொண்டது.

செத்தவரின் பெண்டாட்டி சீனித்தாய் அந்த இடத்தை விட்டு எழும்பாமல் மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நசுங்கின தூக்குச்சட்டி. யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கெழமையிலருந்து சொன்னாவ... பஸ்சுக்கு நிக்கும்போது கறுப்பா ஒரு காரு வருதுன்னு. சத்தமே இல்லையாம். நேரா அவியளப் பாத்து வந்து, காலுகிட்ட பிரேக் போட்டுட்டுப் போயிருதாம். உள்ள டிரைவரே இல்லையாம்..."

ரோச் அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்தான்.

"பயந்துபோய் நாளுக்குப் பத்தடி தள்ளித் தள்ளி நின்னாவ. தள்ளி நின்னாலும் காலுகிட்டதான் வந்துச்சாம். புதங்கெழமை கெளம்பும்போது, 'இன்னைக்கு நடுரோட்டுல நின்னு கையக் காட்டி நிறுத்திப்புடுதேன், ஓட்டுதவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்'னு சொல்லிட்டுப் போனாவளே..."

அவள் நிமிர்ந்து ரோச்சைப் பார்த்தாள். அவன் பின்னால் நின்ற லாரியைப் பார்த்தாள்.

"நீங்க ரோட்டுல ஓடுத ஆளு அண்ணாச்சி. எங்கனயாவது அந்த வண்டியப் பாத்தா, ஓட்டுனது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுச் சொல்லுதேன் தாயி" என்றான் ரோச்.