அம்மன் பாதத்தில் விழுந்த கறுப்பு

அந்த வெளிச்சத்தை முதலில் அம்மன் என்றுதான் நினைத்தேன்.

தாராவியில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டுதான் பூஜையறை. சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது இடது கண்ணோரம் பளிச்சென்று ஒன்று மின்னும். பிறகு சாம்பிராணிப் புகைபோல மெல்லிய இழைகள் மிதக்கும். கண் போகும் பக்கமெல்லாம் அவையும் கூடவே வரும். காட்சி கிடைத்தால் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் நின்றுவிடும் என்பார்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீருக்குள் நடப்பதுபோல வீட்டுக்குள் நடந்தேன். குழாயடிச் சத்தம்கூட எங்கோ தூரத்து மணியோசையாகக் கேட்டது.

அம்மன் படத்தில் நான் எப்போதும் பாதத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன். நாலாம் நாள் பாதம் இல்லை. கீழிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறியிருந்தது. பயந்துபோய் மகளிடம் சொன்னேன்.

ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னாள். இடது கண்ணில் மட்டும்தான் இருந்தது.

"எம்மா, அம்மன் வந்தா ஒத்தக் கண்ணுல மட்டுமா வருவா?" என்றாள்.

பக்கத்தில் இருக்கும் சயானில் கண் டாக்டரிடம் என் ஹிந்தி உதவவில்லை. மங்கலாகத் தெரிகிறது என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை இல்லை. என் கண்ணுக்குத் தெரிவதை மகளாலும் சரியாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணாடி நம்பர் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். மகள், வெள்ளிக்கிழமை பூஜையில் எடுத்த அம்மன் போட்டோவை மொபைலில் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியுதோ, அப்பிடியே வெரலால வரைஞ்சு காட்டு."

மின்னலை வரைந்தேன். புகை இழைகளையும் வரைந்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை.

"கீள கறுப்பா இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கு. பாதத்துல எப்பிடிளா கறுப்பப் பூசுவேன்?"

"போட்டோதானம்மா. நீ பூசலன்னா டாக்டருக்கு எப்பிடித் தெரியும்?"

பொறுத்துக்கொள் தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பூசினேன்.

டாக்டர் மொபைலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடிப் பேச்சை விட்டுவிட்டுக் கண்ணில் சொட்டு மருந்து ஊற்றச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறதாம். தாமதித்தால் அந்தக் கண் போய்விடும் என்றார். மறுநாளே ஆபரேஷன்.

பல வாரம் கழித்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு விளக்கின் முன் நின்றேன். பாதம் இருந்தது. ஒரு விரல் மட்டும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்திருந்தது. மகளிடம் மொபைலைக் கேட்டு வாங்கி, டாக்டருக்குக் காட்ட அந்த நெளிவையும் வரைந்து வைத்தேன்.