கூழாங்கல் கரையில் மிக்கேல்

எங்கள் ஊர்ப் பக்கம் யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் மிக்கேலுக்குத்தான் போன் போகும். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள் ஏராளம். மழைக்கு நிரம்பிப் பச்சைப்பசேலென்று நிற்கும். பார்த்தால் குதிக்கத் தோன்றும். குதித்தவர்கள் எல்லோரும் வீடு திரும்புவதில்லை.

சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிற மிக்கேல் உள்ளே முழுகினால் பெரும்பாலும் வெறுங்கையோடு வரமாட்டார். உடல் கிடைக்காவிட்டால் கரையில் உட்கார்ந்துவிடுவார். "மூணாம் நாள் வுழுந்த எடத்துலயே எழும்பும். சும்மா அழுது ஊரக் கூட்டாதீங்க" என்பார். அவர் சொன்னபடியே எழும்பும்.

காசு வாங்கமாட்டார். செத்தவர் வீட்டில் ஒரு புதுத் துண்டும் சோப்பும் கொடுப்பார்கள். அங்கேயே குளித்து, அந்தத் துண்டால் துவட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார். அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரன் நான் சும்மா இருப்பேனா? "துண்டுக்கடையே வைக்கலாம் போலருக்கேண்ணே" என்பேன். "வச்சா மொத போணி நீதான்டா" என்பார்.

போன மே மாதம் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் வேளாங்கண்ணிக்குப் போனோம். திரும்பும்போது தரங்கம்பாடியைப் பார்க்க வேண்டும் என்றாள் அவர் மனைவி அமலோற்பவமேரி. கோட்டை, பழைய கோயில்கள், சுண்ணாம்பு உதிர்ந்த வீடுகள் எல்லாம் பார்த்துவிட்டுக் கடலோரம் வந்தோம். நாங்கள் இறங்கிய இடத்தில் மணலைவிடக் கல்தான் அதிகம். அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்கள். அமலோற்பவமேரி சின்னப் பிள்ளை மாதிரி நல்ல கல்லாகப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவர்களுடைய ஒரே மகன் ஜூட் சட்டையைக் கழற்றினான். வலை பிரித்துக்கொண்டிருந்த கலைச்செல்வன் என்ற மீனவர், "தம்பி, எறங்காத. கல்லு காலுக்கடியில ஓடும்" என்று கத்தினார்.

"நாப்பதடிப் பள்ளத்துல நீந்துனவங்களுக்கு இது என்ன, முழங்கா தண்ணி" என்று சிரித்தார் மிக்கேல்.

அலை திரும்பியபோது ஜூட் நின்றிருந்த கற்கள் சலசலவென்று சரிந்தன. அவனும் அவற்றோடு போனான். ஒரு தடவை தலை தெரிந்தது. மிக்கேல் பாய்ந்தார். நிற்கிற தண்ணீரில் சூரரான அந்த மனிதரைக் கடல் ஒரு மூட்டையைப் போலத் தூக்கிக் கல்லில் அடித்தது. முழங்கால் இரண்டும் கிழிந்த அவரை மீனவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். படகுகள் இருட்டும்வரை தேடின.

"ஒனக்கு மொகத்தக் காட்டாம அவனப் பொதைக்க மாட்டேன். கூட்டிக்கிட்டு வரேன், போ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார் மிக்கேல். மயங்கி மயங்கி விழுந்தவளை நான் ஊருக்கு அழைத்துவந்தேன்.

"அண்ணே, இப்ப தண்ணி வடக்கால இழுக்குது. இங்க எழும்பாது" என்று கலைச்செல்வன் தலைதலையாய் அடித்துக்கொண்டாராம். மிக்கேல் அசையவில்லை. மூன்றாம் நாள் கலைச்செல்வன் எனக்குப் போன் செய்தார். வடக்கே ஒரு குப்பத்தில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, வைத்திருக்கிற நிலையில் இல்லை, சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள், அண்ணன் வரமாட்டேன் என்கிறார் என்றார்.

நான் மிக்கேலைப் போனில் கூப்பிட்டு அமலோற்பவமேரியிடம் கொடுத்தேன். "போய்ப் பாத்துட்டு வாங்க. ஒங்க கால்ல வுழுறேன்" என்று கதறினாள்.

"அது யாரு பெத்த புள்ளயோ. நான் அங்க போற நேரம் பாத்து நம்ம புள்ள இங்க எழும்புனா யாரு புடிக்கிறது?" என்று போனை வைத்துவிட்டார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்கிக் கொடுத்த கைக்கு அப்படியொரு பிடிவாதம்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோதும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "மூணு நாளும் முடிஞ்சிடுச்சுடா" என்று கடலைக் காட்டினார். கையைப் பிடித்து எழுப்பினேன். அந்தக் குப்பத்துக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கடைமுன் வண்டியை நிறுத்தச் சொல்லி, புதுத் துண்டும் சோப்பும் வாங்கினார். யாருக்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

குப்பத்தைத் தாண்டிச் சுடுகாட்டு மணலில் ஒரு மேடு. பூவரசங் குச்சிகளைக் குறுக்கே கட்டிச் சிலுவையாக நட்டிருந்தார்கள். உடலைக் கரையேற்றிய வீரமுத்து என்ற வயதான மீனவர் மடியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா பதக்கம். ஜூட் கழுத்தில் கிடந்ததுதான்.

"மாதா படம் இருந்துச்சு, அதான் சிலுவை நட்டோம். நேத்து பொழுது சாயுற வரைக்கும் ஒங்கள எதிர்பாத்தோங்க" என்றார்.

மிக்கேல் பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டார். துண்டையும் சோப்பையும் நீட்டினார்.

"என்னங்க இது? புள்ளயத் தூக்குனதுக்குப் போயி…" என்று வீரமுத்து பின்வாங்கினார்.

"நானும் வாங்கியிருக்கேன்யா. வாங்கிக்கங்க. நீங்க வாங்கலைன்னா என் புள்ள இன்னும் தண்ணியிலதான் கெடப்பான்."

வீரமுத்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மிக்கேல் அந்த மணலில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதார்.