எதிர்க்கம்பத்தைத் தொட்ட மாலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வாசலில் நாளிதழை விரித்தேன். தாக்கி ஆடுவதை ஊக்குவிக்கக் கால்பந்து விதிகளை மாற்றப்போகிறார்களாம். பால் சுண்டும் மணம் என்னைப் பள்ளி நாட்களின் இராஜபாளையத்து மைதானத்துக்கு அழைத்துச் சென்றது.

எங்கள் இராஜபாளையத்துப் பள்ளியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியும் மோதினால் கோலே விழாது. இரு பக்கமும் காவல்தான். கடைசி வரிசையில் நான் துவாரபாலகரைப் போல் நிற்பேன். எதிரணியின் கோல் நிற்கும் எதிர்க்கம்பம் எனக்கு எட்டாத கருவறை.

ஓர் ஆண்டு நடுவராக வந்த டிரில் மாஸ்டர், பால்கோவாத் தூக்குவாளியை உயர்த்திக் காட்டினார்.

"கோல் போட்டாத்தான் இது. போட்டுத் தோத்தாலும் ஒரு பங்கு உண்டு. யாருமே போடலைன்னா அம்புட்டும் வேடிக்கை பார்க்க வந்தவியளுக்கு!"

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து என் காலுக்கு வந்தது.

"ஏலே, நடுக்கோட்டைத் தாண்டாத!" என்று எங்கள் தலைவன் அலறினான்.

தாண்டினேன். பொன்வெயிலில் அந்தக் கம்பம் மெல்ல மெல்ல அருகே வந்தது. உதைத்தேன், கோல் விழுந்தது. கம்பத்தைத் தழுவி மெய்ம்மறந்து நின்றேன். ஆட்டம் மறுபடி தொடங்கியதையும் அறியேன். காவலற்ற எங்கள் பக்கத்தில் இரண்டு கோல்கள் விழுந்தன.

"ஒன்னாலதாம்லே தோத்தோம்," என்ற தலைவன், தன் பங்கை நக்கியபடியே என் தோளில் கை போட்டான்.

"எம்புட்டு வேணும், சாமி?" கடைக்காரர் கேட்டார்.

"தோத்தவன் பங்கு எம்புட்டோ, அம்புட்டு," என்றேன்.